மாட்டுக்குக் கயிறு, படகுக்கு என்ன?

தூளிக்குள் கால் உதைத்துக்கொண்டிருக்கும் என் மகனுக்கு,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை அரும்பியிருக்கும். நான் எழுதும்போது உனக்கு எட்டு மாதம், எனக்குப் பத்தொன்பது வயது. பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் தலை நரைத்த பிறகுதான் எழுதுவார்கள். என்னால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் பாலக்காட்டுக்குப் போகிறேன். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் தாதியாகப் பயிற்சி. ஒன்றரை வருஷம் அங்கேயே தங்கவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விடுவார்கள். நீ இங்கே, வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் நம் வீட்டில், உன் அப்பாவோடும் அவருடைய அக்காவோடும் இருப்பாய். உனக்கு அவர் அத்தை. நான் அவரை நங்கை என்று கூப்பிடுகிறேன்.

நேற்றுக் கிணற்றடியில் ஒருத்தி, என்னிடம் சொல்லாமல், என் காதில் விழும்படி மற்றவளிடம் சொன்னாள்: "சந்தைக்கு ஓட்டுன மாடு ஊடு திரும்புன கதை உண்டா? பச்சப் புள்ளைய உட்டுட்டுப் போறவளும் அப்படித்தான்." நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நேரத்துக்குப் பதில் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இதே பேச்சை நாளை யாராவது உன்னிடமும் சொல்வார்கள். அன்றைக்குப் பதில் சொல்ல நான் பக்கத்தில் இருப்பேனோ என்னவோ, எழுத்தாவது இருக்கட்டும். பதில் கொஞ்சம் சுற்றித்தான் வரும். ஏனென்றால் அது ஒரு பரீட்சைக் கேள்வியில் ஆரம்பிக்கிறது.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். என்னை யாரும் பிடித்து நிறுத்தவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் வந்த நாளில் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்ததும் குரல் எழவில்லை. புத்தகத்தைப் பிடித்தபடி மணி அடிக்கும்வரை நின்றேன். என் அப்பா கேட்டார், "ஏன் அம்மிணி, வாயே தெறக்க மாட்டீன்னா எதுக்கு அத்தனை தூரம் நடக்கறே? நின்னுக்கறயா?" நான் தலையை ஆட்டினேன். சந்தோஷமாகவே ஆட்டினேன். அது என் முதல் தப்பு. பேசக் கூச்சம் என்பதற்காகத் தெரிந்துகொள்வதையும் விட்டுவிட்டேன். ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசை என்னை விடவில்லை. கடையில் பொட்டலம் கட்டித் தருகிற காகிதத்தை எல்லாம் பிரித்துப் படிப்பேன். பாதியில் கிழிந்திருந்தால் மீதி என்னவாக இருக்கும் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவுக்கு மாட்டுத் தரகு. வேலந்தாவளத்துச் சந்தையில் அவரைத் தெரியாத மாடே கிடையாது என்று நங்கை கேலி செய்வார். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைச் சேர்த்துக் கொடுக்கமாட்டார்கள். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப்போக வேண்டும். பழைய கயிறு விற்றவன் வீட்டுக்குத் திரும்பும். கயிற்றையும் கொடுத்துவிட்டால் பட்டியில் இருக்கிற பாக்கியம் அதோடு போய்விடும், கயிறு இருந்தால் அடுத்த மாடு தானாக வந்து சேரும் என்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் மாடு இல்லாத நாள் உண்டு, கயிறு இல்லாத நாள் இல்லை. சுவர் முழுக்க ஆணியில் தொங்கும். இது செவலை கட்டின கயிறு, இது மயிலை கட்டினது என்று சின்ன வயதில் நான் கயிற்றைத் தொட்டே மாடுகளை நினைத்துக்கொள்வேன். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். நான் பரீட்சையில் கோட்டை விட்டது இந்தக் கயிற்றில் தடுக்கித்தான்.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் நங்கைதான் செய்தி கொண்டுவந்தார், பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்குப் பெண்கள் எடுக்கிறார்கள், ஆறாம் வகுப்புப் போதுமாம் என்று. எங்கள் ஊர் கேரளத்தில் சேர்ந்த புதிது அது. கேள்வித்தாளின் ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். கணக்கும் கட்டுரையும் வரும் என்று நினைத்துப் போனவளுக்கு நடுவில் புதுமாதிரி ஒரு பகுதி இருந்தது. இரண்டு சொல், நடுவில் இரண்டு புள்ளி. பிறகு நான்கு புள்ளி. பிறகு ஒரு சொல், இரண்டு புள்ளி, ஒரு கேள்விக்குறி. கீழே நான்கு விடைகள். புள்ளிகளைப் பார்த்ததும் கோலம் போடச் சொல்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே திகைத்தேன். பிறகு புரிந்தது: முதல் ஜோடிக்குள் என்ன உறவோ, அதே உறவு இரண்டாவது ஜோடிக்குள்ளும் வரவேண்டும். புரிந்ததும் பயம் போய்விட்டது. மாமன் மச்சான் உறவு மாதிரி சொற்களுக்கும் உறவு உண்டு என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் ஆசையாகப் போட்டேன். ஒன்பதாவது கேள்வி இது: மாட்டுக்குக் கயிறு, படகுக்கு என்ன? துடுப்பு, நங்கூரம், ஆறு, மீன்.

நான் படகைப் பார்த்ததில்லை. நங்கூரம் என்றால் என்னவென்றே தெரியாது. மாட்டுக்கும் கயிற்றுக்கும் என்ன உறவு என்று யோசித்தேன். மாடு போகும், கயிறு இருக்கும். படகு போனால் எது இருக்கும்? ஆறு இருக்கும். சந்தேகமே இல்லாமல் ஆறு என்று எழுதினேன்.

பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைப் புடவையில் ஒரு பெரிய நர்சம்மா இருந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குட்டி, மத்ததெல்லாம் சரியாயிட்டு எழுதியிருக்கே. இது மாத்திரம் ஏன் ஆறு?" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றது போலவே நின்றேன். கயிற்றைப் பற்றி முழுதாக மனதுக்குள் சொல்லி முடித்தேன். வெளியே ஒரு சொல் வரவில்லை. அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "நோயாளிக்கு என்னன்னு கேட்டு டாக்டர்கிட்ட சொல்ற வேலை இது. நாக்கு வேணும்" என்றார். இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது தப்பு அதற்குப் பிறகு. வெளியே காத்திருந்த நங்கை என்ன ஆச்சு என்று கேட்டபோது, எளிதாகச் சொல்லக்கூடிய ஒன்றைச் சொன்னேன்: "ஆறாவது பத்தாதுன்னுட்டாங்க." அவ்வளவுதான். அன்று முதல் நங்கை அந்த நர்சம்மாவைத் திட்டாத நாள் கிடையாது. "கூப்புட்டு வெச்சுப் படிப்புப் பத்தலீன்னாளே, அவ மூஞ்சில முழிக்கோணும் ஒரு நாளைக்கு" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் வாய் மூடியிருந்ததால் தப்பே செய்யாத ஒருவருக்கு ஒன்றரை வருஷம் வசவு விழுந்தது. கூச்சக்காரர்கள் யாருக்கும் கெடுதல் செய்யமாட்டார்கள் என்று ஊரில் சொல்வதை நம்பாதே.

அப்புறம் நீ வந்தாய். உன் பிரசவத்துக்குப் பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு தாதியம்மாவை வண்டியில் கூட்டிவந்தார் உன் அப்பா. அவரிடம் ஒரு தோல் பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொதிநீரில் போட்டார். எதற்கு இது, அது ஏன் வளைந்திருக்கிறது, மரக்குழல் மாதிரி இருப்பதை ஏன் என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுக்கிறார் என்று எனக்கு ஒரே யோசனை. "இந்த வலியிலயும் என்ற பையவே பாக்கறயே புள்ளை!" என்று அவர் சிரித்தார். அந்தக் குழலில் உன் நெஞ்சு அடிப்பது கேட்கும் என்றார். எனக்குக் கேட்கவேண்டும்போல இருந்தது. வாய்விட்டுக் கேட்கவில்லை. நீ பிறக்கும் முன்னாலேயே உன் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் வாய்ப்பு ஒரு சொல் தூரத்தில் இருந்தது, போய்விட்டது. அதுதான் என்னைத் திரும்பவும் மனு எழுத வைத்தது.

இந்தத் தடவை நானும் நங்கையும் பழகிப் பார்த்தோம். களத்தில் கடலை பிரிக்கும்போது அவர் ஒரு ஜோடி போடுவார், நான் ஒன்று போடுவேன். இனிமேல் எந்த வேலைக்கும் இந்த மாதிரிக் கேள்வி வரும் என்கிறார்கள். ஆகையால் நாங்கள் கண்டுபிடித்ததை உனக்கும் சொல்லிவைக்கிறேன். முதலில், விடைகளைப் பார்க்காதே. கையால் மறைத்துக்கொள். முதல் இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரு வாக்கியம் செய். 'கலப்பைக்கு உழவு, அரிவாளுக்கு என்ன?' என்று வந்தால், 'கலப்பையால் உழுவார்கள்.' அந்த வாக்கியத்தில் கலப்பையை எடுத்துவிட்டு அரிவாளை வை. 'அரிவாளால் அறுப்பார்கள்.' வாக்கியம் இல்லாமல் விடைகளுக்குள் போனால், எது முதல் ஜோடியின் வாசனை அடிக்கிறதோ அதற்குத்தான் கை போகும். 'வைத்தியருக்கு நோயாளி, வாத்தியாருக்கு என்ன?' என்று நான் கேட்டு, மருந்து, மாணவன், பள்ளிக்கூடம், பிரம்பு என்று விடை சொன்னேன். நங்கை யோசிக்காமல் "மருந்து" என்றார். "வாத்தியாருக்கு மருந்தாங்க நங்கை?" "எங்க வாத்தியார் சாயங்காலமானா அது இல்லாம இருக்கமாட்டாரு அம்மிணி, நீ பாத்தியா!" என்றார். சிரித்துச் சிரித்துக் கடலை எல்லாம் கொட்டிப்போனது.

வரிசையும் முக்கியம். 'மாலைக்குப் பூ' என்றால் முழுசு முன்னால், அது எதனால் ஆனதோ அது பின்னால். 'துணிக்கு நூல்' சரி. 'நூலுக்குத் துணி' தப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏமாற்றுவார்கள். வாக்கியத்தைச் சொன்ன வரிசையிலேயே திரும்பச் சொன்னால் ஏமாறமாட்டாய்.

இரண்டு விடை பொருந்தினால் வாக்கியம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இறுக்கிக் கட்டு. 'பாலுக்குத் தயிர், பதநீருக்கு என்ன?' என்று நங்கை போட்டார். கருப்பட்டி, கள், பனை, பானை. பாலிலிருந்து தயிர் வரும் என்றால் கருப்பட்டியும் சரி, கள்ளும் சரி. ஆனால் 'பால் புளித்தால் தயிர்' என்று இறுக்கினால் கருப்பட்டி கழன்று விழுந்துவிடும், அது காய்ச்சினால்தான் வருவது. "அப்ப கள்ளு" என்றேன். மூட்டை தூக்க வந்த உன் அப்பா நின்றார். "ஏன் புள்ளை, சுண்ணாம்பு தடவுன பானைல எறக்குனாத்தான் பதநீரு. அது எங்கெ புளிக்கறது? புளிச்சாத்தான் அது பதநீரே இல்லியே." "நீ மூட்டையத் தூக்கு" என்றார் நங்கை. "பரிச்ச வெக்கறவ என்ன மரமேறியா? அவளுக்குத் தெரிஞ்சத வெச்சுத்தானே கேப்பா?" என்று வேறு சொன்னார்.

அந்தச் சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. கேட்பவருக்கு என்ன தெரியும்? ஒன்பதாவது கேள்வியைப் போட்டவருக்கு எங்கள் வீட்டுச் சுவர் தெரியாது. விற்ற மாட்டின் கயிறு வீட்டுக்குத் திரும்பும் என்று தெரியாது. கயிறு மாட்டைப் போகவிடாமல் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைத்தான் அவர் கேட்டார். நான் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். மகனே, பரீட்சையில் உனக்குத் தெரிந்த விசேஷத்தை ஓரமாக வைத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த உறவை முதலில் தேடு. ஆனால் ஓரமாக வைத்ததைத் தூக்கி எறிந்துவிடாதே.

இந்த வருஷப் பரீட்சையில் எனக்கு ஒரு ஜோடியும் தப்பவில்லை என்று நினைக்கிறேன். உள்ளே கூப்பிட்டபோது அதே நர்சம்மா. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நங்கை உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, சண்டைக்குச் சேலையைச் செருகி நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு விடமாட்டேன் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். உள்ளே பேசினால் வெளியே கேட்கும். நர்சம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "படகுக்கு ஆறுன்னு எழுதின குட்டிதானே நீ? எனக்கு இன்னும் அது பிடிபடலை. ஏன் அப்படி எழுதினே?" என்றார். ஒன்றரை வருஷம் அவரும் அதை யோசித்திருக்கிறார்! என்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஒரு பொட்டலக் காகிதம் கிழிந்திருந்தால் நான் எப்படி இருப்பேனோ அப்படி இருந்தது அந்த முகம். பேசினால் என் பொய் நங்கைக்குத் தெரிந்துவிடும். பேசாவிட்டால் நங்கை அவர்மேல் பாய்வார். நான் பேசினேன்.

"எங்கூர்ல மாட்ட வித்தா கவுறு குடுக்கமாட்டாங்க. மாடு போயிரும், கவுறு ஊட்டுல இருக்கும். படகு போனா ஆறு இருக்குமல்லங்க, அதனாலெ எழுதுனனுங்க. போன தடவெ சொல்லாம நின்னது என்ற தப்புங்க. படிப்புப் பத்தலீன்னு நீங்க சொல்லலீங்க. நாந்தான் ஊட்டுல அப்படிச் சொல்லீட்டனுங்க." எனக்குத் தெரிந்து நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். நர்சம்மா ஒரு காகிதத்தில் கொக்கி மாதிரி ஒன்றை வரைந்து, "இதாக்கும் நங்கூரம். இரும்பு. தண்ணிக்கடியில போட்டா படகு நகராது" என்று காட்டினார். "உன் விடைக்கு இன்னைக்கும் மார்க் இல்லை கேட்டோ. ஆனா இப்படிச் சொல்லத் தெரிஞ்சா போரும்." அதோடு, கைக்குழந்தை இருக்கிறதே, விட்டுவிட்டு இருப்பாயா என்றும் கேட்டார். இருப்பேன் என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் நங்கை என் தோளில் ஓர் அடி வைத்தார். "அடிப்பாவி! அந்தம்மாள எத்தனை நாள் வாயில வந்ததெல்லாம் பேசீருக்கறேன்! ஒரு சொல்லுச் சொல்றதுக்கென்ன?" திட்டிக்கொண்டே போய் ஜன்னலில் எட்டி, "ஏனுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். எதற்கு என்று நர்சம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்தார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் கேட்டேன், வாய்விட்டு. மழை பெய்து தண்ணீர் நிறைந்து ஓடியது. கரையில் ஒரு தோணி, என் ஆயுளில் பார்த்த முதல் படகு. அது நங்கூரத்தில் இல்லை. கயிறு போட்டுத் தென்னை மரத்தில் கட்டியிருந்தது. நங்கை வாயைப் பிளந்தார். "இதுக்கும் கவுறுதானா! அப்பறம் எதுக்கு அந்தக் கேள்வி?" கொஞ்ச நேரத்தில் தோணிக்காரர் வந்து கயிற்றை அவிழ்த்தார். நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனார். நீ அதைக் கைகாட்டிக் கத்தினாய். சின்னதாகிக்கொண்டே போனது. இறக்கிவிட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதே மரத்தில், அதே கயிற்றில் கட்டினார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் விடை உண்மையிலேயே தப்பு என்று தெரிந்தது. கேட்டவருக்காக இல்லை, என் கணக்கிலேயே தப்பு. வாக்கியம் தளர்ந்திருந்தது. 'அது போகும், இது இருக்கும்' என்று மட்டும் கட்டியிருந்தேன். இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? விற்ற மாடு போகும், திரும்பி வராது. கயிறு இன்னொரு மாட்டுக்காகக் காத்திருக்கும். படகு போகும், திரும்பி வரும். இரண்டும் ஒரே ஜோடி இல்லை.

கிணற்றடியில் அந்தப் பெண் போட்டதும் ஒரு ஜோடிதான், பார். சந்தைக்கு மாடு, பாலக்காட்டுக்கு இவள். அவளுடைய வாக்கியம் தளர்ந்திருக்கிறது. மாட்டை ஒருவர் ஓட்டிப் போகிறார். நான் என் காலால் போகிறேன். மாடு விற்கப்படுகிறது. நான் கற்றுக்கொள்ளப் போகிறேன். நேற்று இதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன்: நான் மாடு இல்லை, கண்ணு. படகு.

உன் தூளி என் கல்யாணச் சேலை. அதைத் தாங்குகிற கயிறு, நீ பிறந்தபோது என் அப்பா சுவர் ஆணியிலிருந்து எடுத்து வந்தது. "செவலை கட்டுன கவுறு அம்மிணி, பத்து வருசத்துக்கு இத்துப் போவாது" என்று அவரே உத்தரத்தில் கட்டினார். இப்போது எழுந்து முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். நீ தூங்கிவிட்டாய்.

திரும்பி வருவேன் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் இதற்குக் கீழே அரைப் பக்கத்தைக் காலியாக விடுகிறேன். இந்த நோட்டு, அத்தையின் பெட்டியில் இருக்கும். நான் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் கையால் தேதி போடுவேன். நீ பெரியவனாகி, யாராவது மாட்டுக் கதையைச் சொன்னால், வாயால் ஒன்றும் சொல்லவேண்டாம். இந்தப் பக்கத்தை எடுத்து எண்ணிப் பார்.

உன் அம்மா